கழுத்துக் கணக்கு

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி தைராய்டைப் பற்றி. மீதிப் பாதி ஜாதகம். அதைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டேன்.

கணவர், ஈரோடு: என் மனைவிக்கு டி.எஸ்.ஹெச். கூடியிருக்கிறதாம். அப்படியானால் தைராய்டு அதிகமாக வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

நேர் எதிர். டி.எஸ்.ஹெச். தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்புகிற உத்தரவு அது. பிட்யூட்டரியைக் கட்டட மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் ஒழுங்காக வேலை பார்த்தால் மேஸ்திரி வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். ஆள் சுணங்கினால் கத்துவார். தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் இரத்தத்தில் கொஞ்சம் இறங்கினாலே டி.எஸ்.ஹெச். பல மடங்கு ஏறிவிடும். அதனால்தான் லேபில் முதலில் இதை அளக்கிறார்கள். சத்தம் கூடினால் சுரப்பி மந்தம். சத்தமே இல்லையென்றால் சுரப்பி ஓவர்டைம் பார்க்கிறது. மனைவி அசதியாக இருக்கிறது என்று சொன்னால் இனி நம்புங்கள். ரிப்போர்ட்டே சாட்சி சொல்கிறது. பாத்திரம் தேய்க்கப் போகலாம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அரியலூர்: வயது 71. பிறந்தநாளுக்கு மகள் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பரிசளித்தாள். டி.எஸ்.ஹெச். 6.2, டி4 சரியாக இருக்கிறது. தினமும் ஏரிக்கரையில் நடக்கிறேன், ஒரு குறையும் இல்லை. ஆயுளுக்கும் மாத்திரை என்கிறார்கள்.

நல்ல பரிசு. வேட்டி வாங்கிக் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

உங்கள் நிலைமைக்கு டாக்டர்கள் 'சப்கிளினிக்கல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டி.எஸ்.ஹெச். லேசாக ஏறியிருக்கும், தைராக்ஸின், அதாவது டி4, அளவாகவே இருக்கும். இதற்கு மாத்திரை கொடுத்தால் பலன் உண்டா என்று ஐரோப்பாவில் ஒழுங்காகவே சோதித்துப் பார்த்தார்கள். 65 வயது தாண்டிய 737 பேர். பாதிப்பேருக்கு லெவோதைராக்ஸின் என்ற தைராக்ஸின் மாத்திரை, பாதிப்பேருக்கு அதே மாதிரி தெரியும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, விழுங்கியவருக்கும் தெரியாது. 2017-ல் முடிவு வந்தது. ஒரு வருடத்தில் நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களின் சராசரி டி.எஸ்.ஹெச். 6.4-லிருந்து 3.6-க்கு அழகாக இறங்கியிருந்தது. அசதியோ? இரண்டு கோஷ்டிக்கும் ஒரே அசதி. ரிப்போர்ட்டுக்குக் குணமாயிற்று, மனிதருக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் கூட்டிய நிபுணர் குழு, இந்த வகையினர் பெரும்பாலோருக்கு மாத்திரை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

வயதாக ஆக டி.எஸ்.ஹெச். சற்று ஏறுவது இயல்பு. லேபோ இருபத்தைந்து வயதுக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே எல்லைக்கோட்டைத்தான் அச்சடித்துத் தருகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். கணிசமானோருக்கு எதுவும் செய்யாமலே இறங்கிவிடுகிறது. 10-ஐத் தாண்டினால் பேச்சு வேறு, கர்ப்பிணி என்றால் முற்றிலும் வேறு (உங்களுக்கு அந்தக் கவலை இல்லை). தேவையில்லாத வயதானவருக்கு தைராக்ஸின் மிகுந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். இதையெல்லாம் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு தாங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்றவர், நாமக்கல்: மூன்று வருடத்தில் 18 கிலோ ஏறிவிட்டேன். தைராய்டுதானே காரணம்? 'ஆம்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், வீட்டில் காட்டிக்கொள்வேன்.

எழுத ஆசைதான். ஆனால் தைராய்டு மந்தத்தால் ஏறும் எடை பொதுவாக 2 முதல் 5 கிலோ. அதிலும் பெரும்பகுதி கொழுப்பு இல்லை, உடம்பில் தங்கிவிடும் உப்பும் நீரும். மீதி 13 கிலோவுக்கு வேறு யாராவது பொறுப்பேற்க வேண்டும். உங்கள் ஊர் முட்டையை விட்டுவிடுங்கள், பரோட்டாவை விசாரியுங்கள். சுரப்பி நன்றாக இருப்பவர்கள் இளைப்பதற்காக இந்த மாத்திரையை விழுங்கினால் எடைக்கு முன்னால் இதயம் பாதிக்கப்படும்.

காபிப் பிரியர், கும்பகோணம்: காலையில் எழுந்ததும் டிகிரி காபியோடு தைராய்டு மாத்திரை போடுகிறேன். டோஸ் ஏற்றிக்கொண்டே போகிறார்கள், டி.எஸ்.ஹெச். இறங்கவே மாட்டேன் என்கிறது.

கும்பகோணத்துக்காரரிடம் இதைச் சொல்லப் பயமாக இருக்கிறது. குற்றவாளி டம்ளரில் இருக்கிறார். காபி அந்த மாத்திரையைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது, பாலில் உள்ள கால்சியமும் துணைக்கு வருகிறது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளி.

அந்த ஒரு மணி நேரம் தாங்காது என்றால் இன்னொரு வழி. நெதர்லாந்தில் 90 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வந்தது. படுக்கப்போகும்போது போட்டவர்களுக்குக் காலையில் போட்டதைவிட இரத்த அளவுகள் நன்றாகவே இருந்தன. ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். டோஸை ஏற்றுவதற்கு முன்னால் 'எதோடு விழுங்குகிறீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பாதிப் பேருக்குச் செலவு மிச்சம் என்பது என் கட்சி.

மறதிக்காரர், வேலூர்: நேற்று மாத்திரை போட மறந்துவிட்டேன்!

ஒன்றும் ஆகாது. தைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் பிடிக்கும். இதே காரணத்தால் டோஸ் மாற்றிய பத்தாம் நாளே லேபுக்கு ஓடுவதும் வீண். ஆறு வாரமாவது பொறுங்கள்.

தாய், திருப்பூர்: முடி கொட்டுகிறது என்று என் மகள் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாள். தைராய்டு டெஸ்ட் எடுத்தால் டி.எஸ்.ஹெச். அதலபாதாளத்தில், டி4 உச்சியில். ஆனால் அவளுக்குப் படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, நன்றாகத் தூங்குகிறாள். என்ன வியாதி இது?

வியாதி டெஸ்ட்டுக்கு. பல லேப் கருவிகள் ஹார்மோனைப் பிடிக்கும் முறையிலேயே பயோட்டின் ஒரு பசை மாதிரி பயன்படுகிறது. இரத்தத்திலும் அது நிறைய மிதந்தால் கருவி குழம்பி, டி.எஸ்.ஹெச்.சைக் குறைத்தும் தைராக்ஸினைக் கூட்டியும் காட்டும். சுரப்பி ஓவர்டைம் பார்க்கும் அசல் கிரேவ்ஸ் நோய் மாதிரியே ரிப்போர்ட் வரும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2017-ல் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் டெஸ்ட்டையும் இது ஏமாற்றும். அங்கே விளையாட்டு இல்லை. முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் அன்றாடத் தேவையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பயோட்டின் இருக்கும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள். லேபில் ரத்தம் எடுப்பவர் கேட்கமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முடி கொட்டுவதற்கு? ஹீமோகுளோபினையும், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள். நம் வீட்டுப் பெண்களின் அசதிக்கும் முடிக்கும் தைராய்டைவிட இரத்தசோகைதான் அதிகம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிளஸ் டூ மாணவி, தென்காசி: இந்த மாத்திரை வருவதற்கு முன்னால் தைராய்டு வேலை செய்யாதவர்கள் என்ன ஆனார்கள்?

முகம் ஊதி, குரல் தடித்து, புத்தி மந்தமாகி, குளிரில் ஒடுங்கி, மெல்லச் செத்தார்கள். சுவிட்சர்லாந்தில் கோக்கர் என்ற அறுவை நிபுணர் கழுத்துக் கழலைகளை அற்புதமாக வெட்டி எடுத்தவர். முழுச் சுரப்பியையும் எடுத்தவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தால் பலர் இப்படி ஆகியிருந்தார்கள். 1883-ல் அதை அவரே வெளியிட்டார், இனி முழுசாக எடுப்பதில்லை என்று நிறுத்தினார். 1909-ல் அவருக்கு நோபல் பரிசு. தன் ஆபரேஷனின் கேட்டைத் தானே எழுதியவர் என்பதற்காக எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

1891. இங்கிலாந்தின் நியூகாஸில். ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டரிடம் 46 வயதுப் பெண் ஒருவர் இந்த நிலைமையில் வந்தார். மர்ரே அப்போதுதான் வெட்டிய ஆட்டின் தைராய்டை எடுத்து, சாறு இறக்கி, ஊசியில் போட்டார். சக டாக்டர்கள் சிரித்தார்களாம். சில மாதத்தில் அந்த அம்மாள் நடந்தார், பேசினார், வேலை செய்தார். பிறகு சாறு வாய்வழியாகவே போயிற்று. 74 வயதுவரை, அதாவது இன்னும் 28 வருடம், வாழ்ந்தார். அவருக்காகச் செலவான ஆடுகள் 870-க்கு மேல் என்று மர்ரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். எந்தக் குலசாமியும் இவ்வளவு கேட்டதில்லை.

1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1927-ல் ஹாரிங்டனும் பார்கரும் ஆய்வுக்கூடத்திலேயே அதை உருவாக்கினார்கள். அப்புறமும் பன்றி, மாட்டுச் சுரப்பியை உலர்த்திப் பொடித்த மாத்திரைகள் பல பத்தாண்டுகள் ஓடின. இன்று நம் ஊர் மருந்துக்கடையில் வாங்கும் குட்டி மாத்திரையில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கில்தான்.

மருமகள், திண்டுக்கல்: முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், மரவள்ளி, கம்பங்கூழ் எல்லாவற்றையும் மாமியார் தடை செய்துவிட்டார். தைராய்டுக்கு ஆகாதாம்.

மாமியார் சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, அதை எப்படி உங்களிடம் சொல்வது என்று யோசிக்கிறேன். இவற்றில் தைராய்டின் வேலைக்குக் குறுக்கே நிற்கும் பொருள்கள் உண்டு. அயோடினே கிடைக்காத ஊரில், இதையே மூன்று வேளையும் சாப்பிட்டால் கழலை வரலாம். அயோடின் உப்பு போட்டு, வேகவைத்து, வாரம் இரண்டு நாள் பொரியல் வைப்பவருக்கு ஒன்றும் வராது. கூழ் குடியுங்கள். மாமியாருக்கும் ஒரு சொம்பு.

உப்பளத் தொழிலாளி, தூத்துக்குடி: எங்கள் உப்பே கடலிலிருந்து வருகிறது. கடலில் அயோடின் இருக்கிறதே, எதற்கு மேலே வேறு தெளிக்க வேண்டும்? எல்லாம் கம்பெனிச் சதி என்கிறார் வாட்ஸ்அப் சித்தப்பா.

கடல்நீரில் இருக்கும் அயோடினே சொற்பம். பாத்தியில் காய்ந்து உப்பாகும்போது மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சித்தப்பா சிபாரிசு செய்யும் இந்துப்பிலும் அதே கதைதான்.

சதி என்றால் சதிகாரர் பெயரையும் சொல்கிறேன்: டாக்டர் வி. ராமலிங்கசுவாமி, பிற்காலத்தில் எய்ம்ஸ் இயக்குநர். 1956-ல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் உப்பு, நடுப்பகுதிக்குச் சாதா உப்பு. 1962-ல் போய்ப் பார்த்தால், அயோடின் போன இடத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது. சாதா உப்புப் பகுதியில் அப்படியே. உடனே அங்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள். தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் 1962-ல் இப்படித்தான் பிறந்தது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். கர்ப்பத்தில் அது குறைந்தால் கழலையைவிடப் பெரிய நஷ்டம் குழந்தையின் மூளைக்கு. அதற்காகக் கடல்பாசி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். மிகுந்தாலும் சுரப்பி கோளாறாகும்.

வங்கி ஊழியர், கோவை: ஏதோ பேக்கேஜில் கழுத்து ஸ்கேன் இலவசம் என்றார்கள். 7 மில்லிமீட்டரில் கட்டியாம். தூக்கம் போயிற்று.

இலவசமாகக் கிடைத்ததில் விலை உயர்ந்தது இதுதான். கழுத்தில் ஸ்கேன் வைத்தால் ஏராளமானோருக்குக் கட்டி தெரியும், மிகப் பெரும்பாலானவை சாது. தென்கொரியா கதையைக் கேளுங்கள். 1999-ல் அங்கே அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு ஸ்கேன் அதில் சேர்த்தி இல்லை. ஆஸ்பத்திரிகள் கொஞ்சம் காசுக்கு ஒட்டிவிட்டன. 2011-ல் தைராய்டு புற்றுநோய் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு. அந்த ஒரே வருடத்தில் 40,000 பேருக்கு மேல். ஆனால் அந்த நோயால் சாகிறவர்களின் எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண்டுபிடித்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் ஆபரேஷன். அவர்களில் சுமார் 11 சதவீதத்தினருக்குக் கால்சியத்தைக் கவனிக்கும் பக்கத்துச் சுரப்பி போயிற்று, 2 சதவீதத்தினருக்குக் குரல் நாண் செயலிழந்தது. 2014-ல் அந்நாட்டு டாக்டர்கள் சிலரே 'போதும்' என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். ஓராண்டில் ஆபரேஷன்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

ஜப்பானின் கோபே நகரில் குமா ஆஸ்பத்திரி 1993-லேயே மாற்று வழி பார்த்தது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான, அபாயம் குறைந்த புற்றுக்கட்டிகளையே வெட்டாமல், ஆண்டாண்டாகக் கண்காணித்தார்கள். பெரும்பாலானவை வளரவே இல்லை. உங்கள் கட்டி வேகமாக வளர்ந்தால், குரல் கம்மினால், நெருங்கிய உறவில் இந்தப் புற்று இருந்தால், சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு வாங்கியிருந்தால் உடனே நிபுணரிடம் போங்கள். இல்லாவிட்டால் அவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பார்த்தால் போதும். தூங்குங்கள்.

கார்பிமசோல் சாப்பிடுபவர், நாகர்கோவில்: தைராய்டு அதிகம் என்று இந்த மாத்திரை. எனக்கு ஏதாவது ஜோக் சொல்லுங்களேன்.

உங்களுக்கு மட்டும் ஜோக் கிடையாது. காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால் சுக்குக் கஷாயம் வைத்துக் காத்திருக்காமல், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளணு எண்ணிக்கை பாருங்கள். அபூர்வமாகச் சிலருக்கு இந்த மருந்தால் வெள்ளணு அடியோடு சரிந்துவிடும்.

பாட்டி, மன்னார்குடி: பிறந்து மூன்று நாள் ஆன பேத்தியின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டுமாம். நல்ல செக்கச்செவேல் குழந்தை. பச்சைப் பிள்ளையை எதற்குப் படுத்துகிறார்கள்?

பாட்டி, இந்தப் பக்கம் முழுக்க 'டெஸ்ட்டைக் குறையுங்கள்' என்று எழுதிவிட்டு உங்களிடம் மட்டும் தலைகீழாகப் பேசப்போகிறேன். இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்று தைராய்டு வேலை செய்யாமல் பிறக்கிறது. வயிற்றில் இருந்தவரை தாயின் ஹார்மோன் கொஞ்சம் காப்பாற்றிவிடும். அதனால் பிறந்தபோது பார்த்தால் செக்கச்செவேல் என்றுதான் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அளவு மந்தம் வரும்போது மூளைக்கு ஆன சேதத்தைத் திருப்ப முடியாது. இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடும், படிக்கும், உங்களை எதிர்த்துப் பேசும். நம் ஊரில் எல்லா ஆஸ்பத்திரியிலும் தாமாகவே செய்துவிடுவதில்லை. வீட்டுக்குக் கிளம்புமுன் 'குழந்தைக்கு தைராய்டு பார்த்தாயிற்றா?' என்று நீங்களே கேளுங்கள்.