வெயிலுக்கு என்ன விலை?

கேள்வி: சோலார் போட்டால் கரன்ட் விற்றுக் காசு பார்க்கலாமா?
(திருநெல்வேலி வாசகர்)

பதில்: காசு பார்ப்பதைவிட பில்லைக் குறைப்பதில்தான் லாபம். 1 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் தரும். வீட்டுக்குப் போக மிஞ்சுவது ஈ.பி. கம்பிக்கு ஏறி, பில்லில் கழிந்துவிடும். இருவழி மீட்டர் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்: எடுத்தது, கொடுத்தது என இரண்டு எண்கள் மாறி மாறி வரும். அந்த இரண்டாவது எண்ணைப் பெருக்குவதற்காகவே பேனலை அடுக்காதீர்கள். மத்திய அரசின் சூர்ய கர் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். 10 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான்.

கேள்வி: மாடி இருக்கிறது, முதல் இல்லை. என்ன செய்ய?
(மதுரை வாசகர்)

பதில்: முதலை வேறொருவர் போடட்டும். 'ரெஸ்கோ' முறையில் நிறுவனம் தன் செலவில் பேனல் மாட்டும். நீங்கள் அதில் எரித்த யூனிட்டுக்குப் பணம் கட்டினால் போதும். சூர்ய கர் திட்டத்திலேயே இதற்கு இடம் உண்டு. கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: இன்வெர்ட்டர் பழுதானால் யார் செலவு? காக்கை எச்சத்தை யார் கழுவுவது? நாளைக்கு மாடியில் ஓர் அறை எடுக்க நினைத்தால்? வீட்டையே விற்றால்? பதில் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: வாடகைக்குக் குடியிருக்கிறேன். வெயில் எனக்கில்லையா?
(சென்னை வாசகி)

பதில்: இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. மானியம் எல்லாம் சொந்தக் கூரை உள்ளவர் வாசலிலேயே நின்றுவிடுகிறது. டெல்லியில் ஒரு வழி உண்டு: பேனல் ஓரிடத்தில் இருக்கும், அதில் பங்குள்ள பல வீடுகளின் பில்லில் அவரவர் பங்கு கழியும். ஜெர்மனியில் கூரையில் எடுக்கும் மின்சாரத்தை அதே கட்டடத்துக் குடித்தனக்காரருக்கு விற்றால், 2017 முதல் அரசு ஊக்கத்தொகை தருகிறது. பால்கனிக் கம்பியில் இரண்டு பேனலைக் கட்டி, பிளக்கைச் சுவரில் சொருகிவிடுவோரும் அங்கே ஏராளம். 2024 முதல் 800 வாட் வரை விடலாம். வீடு மாறும்போது பீரோவோடு பேனலும் வண்டியேறும். விதி வராமல் இங்கே யாரும் சொருகிப் பார்க்க வேண்டாம். ஆனால் அந்த விதி வர வேண்டும், சீக்கிரம் வர வேண்டும். அடுக்ககச் சங்கங்கள் வாய் திறந்து கேட்கட்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்கு விற்கலாமா?
(ஈரோடு வாசகர்)

பதில்: உறைமோர் கொடுப்பதுபோலக் கரன்ட் கொடுக்க முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! வங்கதேசத்தின் ஷரியத்பூரில் 2015இலேயே 'சோல்ஷேர்' நிறுவனம் அதைச் செய்து காட்டியது. பேனல் உள்ள வீடு மிச்சத்தை இல்லாத வீட்டுக்கு விற்கும். கணக்கை ஒரு சின்னப் பெட்டி பார்த்துக்கொள்ளும். லக்னோவிலும் சோதனை நடந்தது. நீங்களாகச் சுவர் தாண்டி ஒயர் இழுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஊரில் கரன்ட் போனால் என் சோலாரும் நின்றுவிடுகிறதே?
(தஞ்சாவூர் வாசகி)

பதில்: கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்காக. உங்கள் கரன்ட் அந்தக் கம்பியில் ஏறினால் அவருக்கு ஆபத்து.

கேள்வி: பேட்டரியும் சேர்த்து வாங்கிவிடலாமா?
(கோவை வாசகர்)

பதில்: பேட்டரி யாருக்கு லாபம் என்று அறிய ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டம் சோலார் யூனிட்டுக்கு 99 பெனிக் (அன்றைய ஜெர்மன் காசு) விலை என்று 20 ஆண்டுக்கு உறுதி தந்தது. 2020 முடிவில் முதல் வீடுகளுக்கு உறுதி தீர்ந்தது, பேனல் தீரவில்லை. விற்பதைவிட வைத்துப் பயன்படுத்துவது அங்கே லாபமாகிவிட்டதால் பேட்டரிக்கு மவுசு. உங்களுக்கோ, ஈ.பி.க்குக் கொடுத்த யூனிட் பில்லில் அப்படியே கழிகிறது, ஈ.பி. கம்பியே உங்கள் பேட்டரி. மின்வெட்டு அதிகமில்லாத தெரு என்றால், அந்தப் பணத்தை இப்போதைக்கு வங்கியிலேயே வையுங்கள்.