பொருள்: சட்டையை இன் பண்ணுவது தொடர்பாக

மாண்புமிகு மனிதவளத் துறைக்கு,

வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொல்லி நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. அதன் வாலில் கட்டி அனுப்பிய உடை விதிமுறை, மின்னஞ்சலைவிட நீளம். திங்கள் முதல் வியாழன் வரை முழுக்கைச் சட்டை, இன் பண்ணியிருக்க வேண்டும், ஷூ கட்டாயம். வெள்ளிக்கிழமை ஜீன்ஸ் போடலாம், கிழிசல் கூடாது. பெண்களின் குர்தி முழங்காலைத் தொட வேண்டுமாம். வாசலில் யார் அளப்பார்கள் என்று மட்டும் எழுத விட்டுப்போயிற்று. செக்யூரிட்டி அண்ணனுக்கு ஓர் இஞ்சு டேப் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பாவம், பையைச் சோதிப்பதோடு இதையும் பார்த்துக்கொள்வார்.

வாடிக்கையாளர் முன்னால் நிறுவனத்தின் மரியாதை என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் வாடிக்கையாளர் இருப்பது டெக்சாஸில். அவர் பல் தேய்த்து வருவதற்குள் இங்கே சாயங்காலம் ஆகிவிடும். தொப்பியும் டீ-ஷர்ட்டுமாக, நாயை மடியில் வைத்துக்கொண்டு, அவர் வீட்டிலிருந்தே மீட்டிங்குக்கு வருகிறார். நாங்கள் சோழிங்கநல்லூர் சிக்னலில் நசுங்கி, கசங்கிய சட்டையை லிஃப்டில் மறுபடி இன் பண்ணி, சீட்டில் உட்கார்ந்து, கேமராவை அணைத்துவிட்டு அதே மீட்டிங்கில் சேருகிறோம். என் சட்டை பக்கத்து சீட்காரர் பார்க்க. அவர் சட்டை நான் பார்க்க. கொரோனா காலத்தில் கைலியோடு கோடிங் எழுதினோமே, அந்த வருடம்தான் வருமானம் எகிறியது என்று கேக் படம் அனுப்பி வாழ்த்தினீர்கள்.

உடை விஷயத்தில் நீதிமன்றத்தைவிடக் கெடுபிடியான இடம் உண்டா? 2020 ஏப்ரலில் வழக்கறிஞர் ஒருவர் பனியனோடு காணொலியில் வந்தார் என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ஜாமீன் மனுவையே தள்ளிவைத்தது. ஆனால் அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இறங்கி வந்தது. காணொலி விசாரணைக்குக் கோட்டும் கவுனும் வேண்டாம், வெள்ளை உடையும் கழுத்துப் பட்டையும் போதும் என்றது. பனியனுக்கும் கோட்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது என்பது நீதியரசர்களுக்கே தெரிந்துவிட்டது.

வேட்டியைப் பற்றி உங்கள் விதிமுறையில் ஒரு வரிகூட இல்லை. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த நீதிபதி அரிபரந்தாமனைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டது: பொது இடத்தில் வேட்டியைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். பதற வேண்டாம். நம் அலுவலகம் பொது இடமா என்று நான் வக்கீலிடம் கேட்கவில்லை, இதுவரை.

விதிமுறையை எழுதியவர் நம் ஏ.சி.யின் கீழ் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்வேன். வெளியே கத்திரி வெயில்; உள்ளே டெஸ்டிங் டீமில் பாதிப் பேர் சால்வையைப் போர்த்திக்கொண்டு டைப் அடிக்கிறார்கள். போன மே மாதம் எங்கள் வரிசையில் ஒருவர் மங்கி குல்லாவோடு உட்கார்ந்திருந்தார். அது ஃபார்மலா கேஷுவலா என்று உங்கள் அட்டவணையில் தேடினேன், காணோம். ஜப்பான் அரசு 2005-இல் 'கூல் பிஸ்' என்று ஒன்று தொடங்கியது. ஏ.சி.யை 28 டிகிரியில் வையுங்கள், கோட்டையும் டையையும் கழற்றுங்கள் என்றது. பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் வந்து நின்றார். ஜப்பானின் மரியாதை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எனவே ஐயா, அம்மா, ஏ.சி.யைக் குறைந்தது 24-க்கு ஏற்றி, அரைக்கைச் சட்டையை இன் பண்ணாமல் போட அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். முடியாதென்றால், முழுக்கைச் சட்டை ஒன்றுக்கு எங்கள் தெரு இஸ்திரிக்காரர் 12 ரூபாய் வாங்குகிறார். அதைச் சம்பளத்தோடு சேர்த்துத் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் மாடி ஊழியர்கள்