மூணு பங்கு கேக்குற பேராண்டி

வாடா பேராண்டி! எந்தக் கோணத்தைக் குடுத்தாலும் மூணு சமபங்காப் பிரிச்சுடுவேன்னு தெருவெல்லாம் தண்டோரா போடுறியாமே? சபாஷ்! உக்காரு. மொதல்ல அந்தக் காம்பஸ் திருகாணியை முடுக்கு. கால் அகண்டுக்கிட்டே போனா வட்டம் தொடங்கின எடத்துக்கு வந்து சேராது.

60 பாகை போடு பாப்போம். கோட்டு முனையில ஊசியைக் குத்தி ஒரு வில் போடு. வில் கோட்டை வெட்டுன எடத்துல, அளவை மாத்தாம ஊசியை வச்சு இன்னொரு வெட்டு. சேத்து இழு, ஆச்சு. யூக்ளிட் தன் நூல்ல மொதமொதல்ல போட்ட சமபக்க முக்கோணமும் இதே வித்தைதான். பாதியாக்கினா 30, அதுல பாதி 15. பாதி பாதியா எம்புட்டு வேணாலும் வெட்டு, யாரு கேக்கப்போறா? 90ஐ மூணாக்கணுமா? 30தான் கையில இருக்கே, பேஷாப் பிரி. அதைப் பாத்து மயங்கித்தானே 60ஐயும் மூணாக்கக் கெளம்புன?

அங்கதான் உன் பருப்பு வேகாது. பிரான்சுக்காரர் வான்ட்ஸெல் 1837லயே முடியாதுன்னு நிரூபிச்சுட்டாரு. காம்பஸ், அளவு குறிக்காத ஸ்கேல், இந்த ரெண்டு சாமானும் நாலு கணக்கும் வர்க்கமூலமும்தான் போடும். 20 பாகைக்கோ முப்படிச் சமன்பாட்டைத் தீக்கணும். அதுக்கும் முன்னாடி 1775லயே பாரிஸ் அகாடமி, இந்தத் தீர்வெல்லாம் இனிமே பாக்க மாட்டோம்னு கதவைச் சாத்திடுச்சு. உன்னை மாதிரி கெட்டிக்காரங்க எத்தனை பேரு உசிரை வாங்குனாங்களோ!

அது சரி, உன் ஸ்கேல்ல என்ன பென்சில் புள்ளி ரெண்டு? ஓஹோ! ஸ்கேல்ல அளவு குறிச்சுக்கிட்டா ஆர்க்கிமிடிஸ் வழியில மூணாக்கிடலாம்தான். ஆனா இந்த ஆட்டத்துல அது சேத்தியில்ல ராசா.

தோராயமாப் போதும்னா, கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜத்தைப் பாரு. வட்டத்துக்குப் பரப்புல சமமான சதுரம் இந்தச் சாமானால வராதுன்னு 1882லயே லிண்டமன் சொல்லியாச்சு. ராமானுஜம் 1913ல தோராயமா ஒரு வழி போட்டாரு. 1,40,000 சதுர மைல் வட்டத்துக்கே சதுரத்தோட பக்கம் ஒரு அங்குலம் போலத்தான் கூடும். அந்தப் பிசகையும் அவரே எழுதி வச்சாரு. நீயும் உன் படத்துல எம்புட்டுப் பிசகுன்னு ஓரத்துல எழுதிக்கிட்டு வா.

அப்புறம் 17 பக்க ஒழுங்கு உருவம் போடலாம். அது நெசமாவே வரும். 1796ல காஸ் அதைக் காட்டினப்ப அவருக்கு வயசு 18தான்.