ஐந்து படியும் ஒரு நெல்மூட்டையும்

மோட்டார் சைக்கிளின் பின் ஸ்பிறிங்கைக் கணக்குப் போட்ட பொறியியலாளரின் மனதில் இரண்டு பேர் இருந்திருப்பார்கள்: ஓட்டுபவர், பின்னால் ஒருவர். வன்னியில் அந்த இரண்டாவது ஆளின் இடத்தில் பரந்தன் பக்கம் நெல்மூட்டை, முல்லைத்தீவுப் பக்கம் ஐஸ் போட்ட மீன்பெட்டி, பள்ளிக்கூட நேரத்தில் குடும்பம் முழுக்க.

பின்பக்கம் பதிந்துவிட்டால் உடனே கராஜ். "அண்ணை, ஸ்பிறிங்கைக் கொஞ்சம் இறுக்கிவிடுங்கோ." ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளின் சொக் அப்சோபரில் ஐந்து படி உண்டு, அண்ணை கடைசிப் படிக்குத் திருப்பிவிடுவார். வண்டி நிமிரும், உடையவரும் நிமிர்வார். ஸ்பிறிங் என்னவோ பழைய ஸ்பிறிங்தான். படி ஏறினால் இருக்கை உயரும், விறைப்பு அதிகரிக்காது.

விறைப்பைத் தீர்மானிப்பது கம்பியின் தடிப்பு, அதுவும் நாலாம் அடுக்கில். மற்றதெல்லாம் மாறாமல் 7 மில்லிமீற்றர் கம்பி 7.5 ஆனாலே விறைப்பு 30 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். தடித்த ஸ்பிறிங் போட்டவருக்கு மூட்டை இருக்கும்வரை சுகம். இறக்கிவிட்டுத் தனியே கிரவல் ஒழுங்கையால் திரும்பும்போது, பழைய சொக்கின் எண்ணெயால் அடக்க முடியாத அந்த ஸ்பிறிங் ஒவ்வொரு கிடங்கிலும் ஆளைத் தூக்கி எறியும்.

ஸ்பிறிங் பாரத்துக்குப் பொருந்துகிறதா என்று அளக்க அடிமட்டம் போதும். வழக்கமான பாரத்தோடு ஏறி இருந்தால், பின்சில்லின் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பதியவேண்டும்.

எது வழக்கமான பாரம்? காலையில் மீன்பெட்டி, மத்தியானம் காஸ் சிலிண்டர், பின்னேரம் ரியூசனுக்கு இரண்டு பிள்ளைகள். கராஜ்காரர் கேட்டால் பதில் தயார்:

"எல்லாத்துக்கும் பொதுவாப் போடுங்கோ அண்ணை."