‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதற்குச் சான்று: கணியம்பாடிக் கார் ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

இல்லாத ஒன்றை இருந்ததாக நிறுவி முனைவர் பட்டம் பெற்றவர்கள் பலர். இல்லாததை இல்லை என்றே நிறுவும் கடினமான துறையில் உழைப்பவர்களோ, இன்சூரன்ஸ் கம்பெனி மாற்றும் கார்காரர்கள் மட்டுமே. வேலூர் – திருவண்ணாமலை சாலையில் கணியம்பாடியைக் கடந்துபோகும், டி.என். 23 என்று தொடங்கும் எண்ணுடைய, கிளைம் எதுவும் கேட்டிராத கார் ஒன்றை இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது. தரவு ஒரே காராயிற்றே என்பார்க்கு: இதைவிடக் குறைந்த தரவைக் கொண்டு இதைவிடப் பெரிய முடிவுகளுக்கு வந்த கருத்தரங்கக் கோவைகள் நூலகங்களில் உள.

‘நோ கிளைம் போனஸ்’ விதி எளிது. கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்தால் 25, 35, 45, ஐந்தாம் வருட முடிவில் 50. தள்ளுபடி ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும். தேர்ட் பார்ட்டிக்குக் கிடையாது. அந்தப் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 45 சதவீதக்காரருக்கு 4,500 ரூபாய் மிச்சம். போனஸ் காருக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. காரை விற்றவர் கம்பெனியிடம் கடிதம் வாங்கி மூன்று வருடம் வரை காக்கலாம். இவை பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடில்லை. ஆகவே இவற்றில் ஆய்வுக்கு இடமுமில்லை.

வேறுபாடு, இன்மையை எப்படி அறிவது என்பதில்தான். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளுள் இன்மை எனப்படும் அபாவமும் ஒன்று. குமாரிலரைப் பின்பற்றும் மீமாம்சகர் அதைத் தனி அளவையாகக் கொண்டனர். பிரபாகரர் வழியினர் கொள்ளவில்லை. குடம் இல்லாத தரையைப் பார்த்தாலே குடத்தின் இன்மையும் தெரிந்துவிடும் என்றனர் நியாயவாதிகள். மூவரும் ஒப்புவது ஒன்று: இன்மையைத் தேடப் போக வேண்டிய இடம், அந்தப் பொருள் இருந்திருந்தால் எங்கே இருந்திருக்குமோ அந்த இடம். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர் தோலை விரித்து, புரட்டி, வெளிச்சத்தில் பார்த்துத்தான் கத்தி வெட்டு இல்லை, உண்ணி வடு இல்லை என்கிறார். ஆட்டிடம் கடிதம் கேட்பதில்லை. கிளைம் பதிவாகியிருக்கக்கூடிய இடம் பழைய கம்பெனியின் கணக்கு. அதைத் திறந்து பார்க்க முடியாத ஒரே ஆள் காரின் சொந்தக்காரர். சான்று கேட்கப்படுவது அவரிடம்.

அவர் நீட்டுவது பழைய பாலிசியின் ஜெராக்ஸ். இங்கே சுவடியியல் தொடங்குகிறது. மூலம் ஒரு பி.டி.எஃப். அதன் வழிப்படி ஏஜெண்டின் வாட்ஸ்அப் படி. அதன் அச்சு பஸ் ஸ்டாப் படி. அதன் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், ஆர்.சி.யோடு மடிந்து வெயிலில் மஞ்சளித்த டேஷ்போர்டு படி. மடிப்பு சரியாகப் போனஸ் வரியின் மேல் விழுந்ததால் முதல் இலக்கம் தேய்ந்து ‘5%’ மட்டும் எஞ்சியது. 25, 35, 45 மூன்றும் 5இல் முடிவதால் மூன்றுமே பாடமாகும். 25 என்பர் கவுண்டர் உரைகாரர் (மேலது). 45 என்பர் ஏஜெண்ட் உரைகாரர் (மேலதற்கும் மேலது, ஸ்டேப்ளர் பின் குத்திய ஓரம்). 15 என்பாரும் உளர். படிநிலையில் 15 இல்லாமையின் அது பொருந்தாது. உண்மைப் பாடம் 50, பின்னிருந்த சுழி உதிர்ந்தது என்பது கார்காரர் உரை (மேலது, மடிப்பின் உட்புறம், டீக்கறைக்குத் தென்கிழக்கே). பதவி உயர்வுக்கு இன்னொரு கட்டுரை தேவைப்படுவோர் இருக்கும் வரை இவ்விவாதம் ஓயாது. ஆனால் எந்தப் பாடத்தைக் கொண்டாலும் பயன் ஒன்றே. அந்தத் தாளில் இருப்பது வருடத் தொடக்கத்தில் கொடுத்த போனஸ். அது 35 ஆயின், இடையில் கிளைம் இல்லாதிருந்தால் இப்போது 45, இருந்திருந்தால் சுழி. இடையில் நடந்ததைப் பற்றித் தாள் வாயே திறப்பதில்லை.

கார்காரர் பொய் சொன்னால் என்ன செய்வது என்று மறுப்பர். 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப், பொது விதி 27இல் இதற்கு விடை வைத்திருந்தது. ரினியூவல் நோட்டீஸோ பழைய கம்பெனியின் கடிதமோ இல்லாவிட்டால் கையொப்பமிட்ட உறுதிமொழி போதும்; பொய்யென்று தெரிந்தால் சொந்தக் கார் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அத்தோடு விடவில்லை. புதிய கம்பெனி 21 நாளுக்குள் பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும். பழையது 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். கேட்காமல் விட்டால் புதிய கம்பெனியே விதியை மீறியதாகும். இந்த விதியை எழுதியவர் மீமாம்சை படித்தவரா என்பது தனி ஆய்வுக்குரியது. தேட வேண்டிய இடம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. 2007 ஜனவரியில் டாரிஃப் விலைகள் தளர்ந்துவிட்டனவே என்பது அடுத்த மறுப்பு. தளர்ந்தவை விலைகள். கணக்கு இருக்கும் இடம் மாறவில்லை. கைவிட்டுப் போகும் வாடிக்கையாளருக்காகப் பழைய கம்பெனி ஏன் மெனக்கெட வேண்டும் என்பதே வலுவான மறுப்பு. அதற்காகத்தான் விதி, கேட்கும் வேலையை இன்னொரு கம்பெனியிடம் கொடுத்தது. கம்பெனியின் கடிதத்துக்குக் கம்பெனி பதில் எழுதும். கணியம்பாடியிலிருந்து போகும் போனுக்குப் பாட்டுத்தான் போடும்.

எஞ்சியிருப்பது கால ஆராய்ச்சி. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸ் போய்விடும். இருந்து பின் இல்லாமற்போவதைத் தருக்க நூலார் அழிவுபாட்டபாவம் என்பர். அந்த இன்மைக்கு மட்டும் எந்தக் கவுண்டரிலும் சான்று கேட்பதில்லை.