அண்டைக்கல் இயல்

வாசலில் காரைத் தூக்கி நிறுத்தி பிரேக் பார்ப்போர் ஜாக்கியைப் பற்றிப் பேசுவர், ஸ்பேனரைப் பற்றிப் பேசுவர். சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கல்லை ஆராய்ந்தார் இலர். அக்குறை களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதற்கண் இலக்கணம். அண்டைக்கல்லாவது, தூக்காத பக்கத்துச் சக்கரத்தின் முன்னும் பின்னும் டயரை ஒட்ட இடப்படுவது. 'ஹேண்ட்பிரேக் இருக்கக் கல் எதற்கு?' என்பர் ஒரு சாரார். அற்றன்று. நம் கார்கள் பெரும்பாலானவற்றில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டுமே. பின் டிரம்மைக் கழற்றுவோர் அதை விடுவித்தே ஆக வேண்டும். இல்லையேல் உள்ளே லைனிங் கவ்விக்கொண்டிருக்க, சுத்தியலுக்கும் டிரம் மசியாது. அந்நேரம் வண்டியைப் பிடித்து நிறுத்துபவை கியரும், முன் சக்கரத்துக்கு இட்ட கல்லுமே. 'எனின், சரிவிலும் கல்லை நம்பலாமோ?' என்றால், சரிவில் ஜாக்கியே போடலாகாது என்க.

இனி வகை. கட்டையோடு லாரியிலிருந்து குதிக்கும் கிளீனர்களே இத்துறையின் முன்னோடிகள். கட்டை கிடையாதவர்க்குக் கருங்கல் உத்தமம். செங்கல் மத்திமம், பெரும்பாலும் அடுத்த வீட்டுக் கட்டட வேலையிலிருந்து கேளாமல் பெறப்படுவது. அம்மிக் குழவியை வைத்தோரும் உளர். உருள்வதைத் தடுக்க உருள்வதையே வைத்த நியாயத்தை அவர்கள் இதுவரை விளக்கவில்லை. குழவிக்கு உரியவரும் மன்னிக்கவில்லை.

கல்லின் பிறழ்பயன் ஒன்று உண்டு. தூக்கிய வண்டிக்கு அடியில் செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கி, அதன் கீழ் ஆள் நுழைவது. ஓரிடத்தில் பாரம் குவிந்தால் ஹாலோ பிளாக் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். சின்ன ஆல்ட்டோவே 700 கிலோ அளவில் இருக்கும். அதன்முன் ஆய்வாளரின் மண்டையோடு எம்மாத்திரம்? ஜாக்கியின் தொழில் தூக்குவது மட்டுமே, தாங்குவதற்கு ஸ்டாண்ட் இருக்கிறது. அதுவும் இரும்பில், வாங்கக்கூடிய விலையில். ஜாக்கியின் தலையும் கண்ட இடத்தில் பொருந்தாது: கதவுக்குக் கீழே தகட்டு மடிப்பில் இரு வெட்டுகள் தெரியும், அவற்றுக்கு நடுவில்தான். கழற்றிய சக்கரத்தை ஓரமாக அடியில் படுக்க வைத்தல் கூடுதல் காப்பு. ஸ்டாண்டுக்கு மாற்று அன்று.

கல் சாராச் செய்திகளைச் சுருங்கச் சொன்னால் போதும். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்துக. பேடின் கனம் 3 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றுக. காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுக. பிஸ்டனை உள்ளே தள்ளுகையில் மேலே டப்பாவில் பிரேக் ஆயில் பொங்கும். சிந்தினால் பெயின்டைத் தின்றுவிடும். எல்லாம் மாட்டியபின் முதல் மிதிப்புக்குப் பெடல் தரைவரை போகும். உள்ளே தள்ளிய பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை, அவ்வளவே. பெடல் கெட்டிப்படும்வரை மிதித்த பிறகே கியர்.

இத்தனைக்குப் பிறகும் வண்டி நகராவிடில், 'பேட் ஜாம்' என்று தீர்ப்பெழுதி மீண்டும் ஜாக்கியைத் தேடுவது மரபு. அம்மரபினர் முதலில் குனிந்து டயரடியைப் பார்ப்பாராக.