அடக்கமுடையவருக்கு ஒரு வாழ்த்துமடல்

ஐம்பதைத் தாண்டியும் ஆஸ்பத்திரிப் படி மிதிக்காத பெருந்தகையே! தேர்தலில் வென்றவருக்கும் சினிமாவில் பறந்தவருக்கும் பொன்னாடை போர்த்தும் இந்த ஊர், ராத்திரிக்கு நாலு தடவை எழுந்து போய்விட்டு வந்து, ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி படுத்துக்கொள்ளும் தங்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டது. அந்தக் குறை தீரவே இந்த மடல்.

முதலில் தங்கள் பொறுமை. கழிப்பறையில் நின்று, வருமா வராதா என்று காத்திருக்கிறீர்கள். வருகிறது, நிற்கிறது, சொட்டுகிறது. முடிந்தது என்று வெளியே வந்தால் இன்னும் மிச்சம் இருப்பதாகத் தோன்றுகிறது. வெளியூர்ப் பயணம் என்றால் முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீர் விரதம். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்த்துவைக்கிறீர்கள். இத்தனைக்கும் முகத்தில் ஒரு சுளிப்பு உண்டா? யாராவது கேட்டால், "வயசாச்சுல்ல" என்பதோடு சரி. சர்க்கரை உள்ளவராக இருந்தால் "சுகர் இருக்குல்ல" என்று பாடபேதம். எம்.எஸ்., எம்.சிஎச். என்று ஆண்டுக்கணக்கில் படித்தவர்கள் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்து, ஸ்கேனும் எடுத்த பிறகுதான் வாய் திறக்கிறார்கள். தாங்கள் ஒரே மூச்சில் நோயையும் சொல்லி, அதற்கு வைத்தியம் வேண்டாம் என்ற தீர்ப்பையும் எழுதிவிடுகிறீர்கள்.

அந்தத் தீர்ப்பில் பாதி உண்மையும் இருக்கிறது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி உட்கார்ந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. இளவயதில் சுமார் 20 கிராம் இருக்கும். விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. வயது ஏற ஏற அது பருக்கும். ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் இந்த வீக்கம் உண்டு. இது புற்று அல்ல, புற்றாக மாறுவதும் இல்லை. டாம்சுலோசின் மாத்திரை அங்குள்ள தசையைத் தளர்த்தி வழி விடும். ஃபினாஸ்டெரைடு சுரப்பியையே சில மாதங்களில் சுருக்கும். அதற்கும் மசியாவிட்டால், வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்க்குழாய் வழியாகவே உள்ளே போய்ச் சுரண்டி எடுக்கும் டி.யு.ஆர்.பி. ஆபரேஷன் இருக்கிறது.

ஒரு தொல்லையிலிருந்து இவ்வளவு சுலபமாக விடுபடுவது தங்கள் கௌரவத்துக்கு அடுக்குமா? அதனால் காத்திருக்கிறீர்கள். ஒரு நாள் சளி பிடிக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் தாங்களே பெயர் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறீர்கள். சில சளி மாத்திரைகளுக்குச் சிறுநீரை அடைக்கும் குணம் உண்டு. சொட்டிக்கொண்டிருந்ததும் நின்று, அடிவயிறு புடைத்து, நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து டியூப் போட்டுக்கொள்ள ஓடுகிறீர்கள். அடைப்பு மெல்ல மெல்ல வளர்ந்தவர்களுக்கு வேறு பரிசு காத்திருக்கிறது: வெளியேறாத நீர் பின்னோக்கி அழுத்திச் சிறுநீரகத்தையே பழுதாக்கும். இத்தனை வருடம் பொறுத்தவருக்கு டயாலிசிஸ் ஒரு பாரமா?

அடுத்தது தங்கள் தர்க்கத் திறன். "எனக்கு ஒண்ணுக்குப் போறதுல ஒரு சிரமமும் இல்லை. அப்புறம் எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்கிறீர்களே, அதைக் கேட்டால் புற்றுநோயே எழுந்து நின்று கைதட்டும். சாதாரண வீக்கம் குழாயைச் சுற்றியுள்ள நடுப்பகுதியில் வரும். அதனால் சீக்கிரம் தொந்தரவு தரும். புராஸ்டேட் புற்று பெரும்பாலும் தொடங்குவது சுரப்பியின் வெளி ஓரத்தில். குழாயை நெருக்காது, வலிக்காது. ஆரம்பத்தில் ஓர் அறிகுறியும் காட்டாமல் இருப்பதே அதன் வழக்கம். அதுவும் பேசாது, தாங்களும் பேச மாட்டீர்கள். இப்படிப் பொருத்தமான ஜோடியை எந்த ஜோசியரும் சேர்த்துவைத்ததில்லை.

அது வாய் திறக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சிறுநீரிலோ விந்திலோ ரத்தம் வரலாம். இந்தப் புற்றுக்குப் பிடித்த இடம் எலும்பு. அடிமுதுகிலும் இடுப்பிலும் ராத்திரியிலும் விடாத வலி வரும், எடை குறையும். தாங்களோ முதுகுக்குத் தைலம் தேய்த்து, பெல்ட் கட்டி, மெத்தையைக் குறை சொல்லியே ஆறு மாதம் ஓட்டும் வல்லமை பெற்றவர். புற்று முதுகெலும்புக்குள் வளர்ந்து தண்டுவடத்தை அழுத்தினால் கால் மரத்துத் தளரும். அன்றைக்கே மருத்துவமனையில் இருக்க வேண்டிய அவசரம் அது. "வாயுப் பிடிப்பு" என்று அதையும் பெரிய மனதோடு மன்னித்துவிடுவீர்கள்.

பிரிட்டனின் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய் ஆறு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். தோளில் வலி, உடற்பயிற்சியில் வந்த பிடிப்பு என்றுதான் அவரும் நினைத்தார். 2023-இல் ஸ்கேன் எடுத்தபோது தெரிந்தது, புராஸ்டேட்டில் தொடங்கி எலும்புக்குப் பரவிய புற்று. அப்போது வயது 47. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் அதே நோய் இருந்தது. பிறகு அதை உலகறியச் சொல்லி, மற்ற ஆண்களைச் சோதித்துக்கொள்ளும்படி கேட்டார். வீரர்தான், ஆனாலும் தங்கள் அளவுக்கு அடக்கம் போதாது.

ரகசியக் காப்பில் தங்களுக்கு ஈடு சொல்லக்கூடிய ஒரே ஆள் லாயிட் ஆஸ்டின். அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். 2023 டிசம்பரில் புராஸ்டேட் புற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். 2024 ஜனவரி முதல் தேதி தொற்று முற்றி மறுபடி மருத்துவமனைக்குப் போனார். அமைச்சர் மருத்துவமனையில் படுத்திருப்பது ஜனாதிபதி பைடனுக்கே சில நாள் தெரியாது. என்ன நோய் என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது. பின்னர் பத்திரிகையாளர் முன்னால் தவறு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டு, சம்பாதித்த பெருமையை அவரே கெடுத்துக்கொண்டார். அதே ஜனவரியில் இங்கிலாந்து மன்னர் சார்லஸ், தமக்குப் புராஸ்டேட் வீங்கியிருக்கிறது, சிகிச்சைக்குப் போகிறேன் என்று அரண்மனை மூலமே அறிவித்துவிட்டார். அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் உடனே அந்த நோயைப் பற்றித் தேடிப் படித்தார்கள். கிரீடம் வைத்தவருக்கு இல்லாத மானம், ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க்கான தங்களுக்கு இருக்கிறது.

வீட்டிலும் அதே கட்டுக்காவல்தான். தங்கள் அப்பா எதில் போனார் என்று மகன் கேட்டால், "அடிவயித்துல ஏதோ கட்டி" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்தப் புற்று இருந்தால் ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுப் பழுது குடும்பத்தில் ஓடினால் ஆண்களுக்கு மூர்க்கமான புராஸ்டேட் புற்றும், பெண்களுக்கு மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் வரலாம். காணிப் பத்திரத்தையும் வங்கிக் கணக்கையும் மகனுக்கு விளக்கிச் சொல்லும் தாங்கள், இந்தச் சொத்தை மட்டும் சொல்லாமலே எழுதிவைத்துவிட்டுப் போகிறீர்கள். கொடைத்தன்மை என்றால் இதுவல்லவா!

பரிசோதனையே செய்துகொள்ளாதவர் என்று தங்களைப் பழிப்பது அநியாயம். மகள் கட்டாயப்படுத்தி முழு உடல் பரிசோதனைக்கு அழைத்துப் போனாளே, அந்த ஃபைல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஒரு தாள் மடங்கவில்லை, ஒரு மூலை அழுக்காகவில்லை. புறப்பாட்டில் வரும் தொண்டைமானின் போர் காணாத படைக்கலம் போலப் புத்தம் புதிதாக மின்னுகிறது. பீலியும் மாலையும் சூட்டாததுதான் குறை. அதில் பி.எஸ்.ஏ. என்று ஒரு வரி இருக்கிறது. புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு அது. 4-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. மருத்துவரிடம் காட்டினால் அவர் ஏதாவது சொல்லிவிடுவாரே என்ற முன்னெச்சரிக்கையோடு தாங்கள் பீரோவைப் பூட்டிவிட்டீர்கள்.

இன்னொரு வகை வீரரும் உண்டு. அவருக்கு 4.6 என்று வந்துவிட்டால் அன்று சாயங்காலமே ஆபரேஷன் வேண்டும். பி.எஸ்.ஏ. புற்றை மட்டும் காட்டும் கருவி அன்று. சாதாரண வீக்கம், தொற்று, முந்தின நாள் உடலுறவு, எல்லாமே அதை ஏற்றும். ஃபினாஸ்டெரைடு சாப்பிட்டால் பாதியாக இறங்கும். புராஸ்டேட்டில் உள்ள இத்தகைய புரதத்தை 1970-இல் கண்ட ரிச்சர்ட் ஆப்லினே, எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு இந்தச் சோதனை செய்வது தவறு என்று 2010-இல் பத்திரிகையில் எழுதினார். ஐரோப்பாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 23 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்தப் புற்றால் இறந்தவர்கள் 13 சதவீதம் குறைவு. 456 பேரை அழைத்தால் ஒரு சாவு தடுக்கப்படுகிறது. ஆக, பலன் உண்டு, ஆனால் அது சிறியது; தேவையில்லாத பயாப்சியும் தேவையில்லாத சிகிச்சையும் அதற்குக் கொடுக்கும் விலை. மருத்துவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. பேசுவதுதானே தங்களுக்கு ஆகாது.

விரல் விட்டுப் பார்க்கும் சோதனையைப் பற்றி நான் இங்கே எழுதுவதே தங்களைப் புண்படுத்தும். அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிட மானத்தைக் காக்க மிச்ச ஆயுளையே பணயம் வைக்கும் மறம், புறப்பாட்டில் இடம்பெறாமல் போனது புலவர்களின் துரதிர்ஷ்டம்.

"கண்டுபிடிச்சா மட்டும் என்ன, வெட்டிப்போட்டு ஆம்பளத்தனத்தையே எடுத்துடுவாங்க" என்ற தங்கள் தொலைநோக்கும் பாராட்டுக்குரியது. இப்போதெல்லாம் பல இடங்களில் முதலில் எம்.ஆர்.ஐ.; அதில் சந்தேகம் இருந்தால் பயாப்சி. எடுத்த சதையைக் கிளீசன் மதிப்பெண்ணால் தரம் பிரிப்பார்கள். 6 என்றால் பெரும்பாலும் சோம்பேறிப் புற்று. வெட்டாமல், குறித்த காலத்தில் ரத்தமும் ஸ்கேனும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிரிட்டனில் சுரப்பிக்குள்ளேயே புற்று அடங்கியிருந்த 1,643 பேரைக் கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். 15 ஆண்டு கழித்து, எந்தப் பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 2 முதல் 3 சதவீதம்தான். மூர்க்கமான புற்றுக்கு ஆபரேஷனோ கதிர்வீச்சோ வேண்டும். சிறுநீர்க் கசிவும் விறைப்புக் குறைவும் வரக்கூடும் என்பது உண்மை. அதற்காகவே நரம்பைக் காத்து ஆபரேஷன் செய்யும் முறையை பாட்ரிக் வால்ஷ் 1982-இல் கொண்டுவந்தார். பரவிய நோய்க்கும் வழி உண்டு. ஆண் ஹார்மோனைத் தடுத்தால் இந்தப் புற்று சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டி, 1966-இல் நோபல் பெற்றார். இன்றைய ஊசிகளும் மாத்திரைகளும் அந்த வழியில் வந்தவை. குணமாக்காவிட்டாலும் பலருக்கு ஆண்டுகளைக் கூட்டித் தருகின்றன.

இந்த மருத்துவர்களை நம்பாத தாங்கள், மாதத்தில் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து நாடி பார்ப்பவரை நம்புகிறீர்கள். அங்கே மட்டும் கூச்சம் விலகிவிடுகிறது. விறைப்புக் குறைவு பல சமயம் இதய ரத்தக்குழாய் அடைப்பின் முன்னறிவிப்பு என்பதை அவர் சொல்லித் தங்களைக் கலவரப்படுத்துவதில்லை. லேகியம் கொடுத்து அனுப்புகிறார். புராஸ்டேட்டைக் காக்கும் என்று வைட்டமின் ஈ மாத்திரையும் வாங்கிச் சேர்க்கிறீர்கள். 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், அதைத் தனியாகச் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடியது. நோயை விலை கொடுத்து வாங்கும் செல்வாக்கு எல்லோருக்கும் வாய்க்காது.

2022-இல் உலகம் முழுதும் சுமார் 14.7 லட்சம் ஆண்களுக்கு இந்தப் புற்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 4 லட்சம் பேர் இறந்தார்கள். 2040-க்குள் புதிய நோயாளிகள் ஆண்டுக்கு 29 லட்சமாவார்கள் என்று லான்செட் ஆணையம் 2024-இல் கணித்திருக்கிறது. தங்கள் அணிக்கு ஆள் பஞ்சம் வராது.

இந்தப் பாராட்டு வேண்டாம் என்று திருப்பி அனுப்ப நினைப்பவர்களுக்கு நிபந்தனைகள் எளியவை. ஐம்பது வயதானதும், அப்பாவுக்கோ சகோதரனுக்கோ இருந்திருந்தால் 45-லேயே, பி.எஸ்.ஏ. தனக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எழுபதைத் தாண்டியவர்களுக்கு வழக்கமான சோதனை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் தொந்தரவு இருந்தால் எந்த வயதிலும் போகத்தான் வேண்டும். சிறுநீரில் ஒரே ஒரு தடவை ரத்தம் கண்டாலும் அதே வாரத்தில் யூராலஜி டாக்டரைப் பாருங்கள். கால் தளர்ந்தால் அன்றைக்கே ஓடுங்கள். தாத்தா எதில் இறந்தார் என்பதை மகனிடம் இன்றே சொல்லுங்கள். இதில் எதுவும் முடியாதவர்கள் தாராளமாகப் பொன்னாடையை வைத்துக்கொள்ளலாம். அதை மடித்து வைக்கப்போவது தங்கள் மனைவிதான்.